தானாக விலகியவள்

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே... இன்னும் கொஞ்சம் கிட்ட.

கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். வெற்றிலைத் தட்டம் ஓடிவிடாது, அப்புறம் பார்க்கலாம். ஒரு கொலைக்கதை சொல்லப் போகிறேன். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் பாதியில் எழும்பிப் போகக் கூடாது!

கேளுங்கள்...

"ஐயோ...! ஆத்துக்குள்ள ஆள் ஒண்டு கிடக்கு!"

அலறல் தொழிற்சாலையின் பின்பக்கமிருந்து வந்தது.

மாடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஷஸ்னாவின் விரல்கள் அப்படியே நின்றன. கணினித் திரையில் ஒரு வாக்கியமும் பாதியில் நின்றது.

'எமது ஊழியர்களே எமது பெருஞ்செல்வம். இந்த ஆண்டில் விபத்து எதுவும்...'

அவ்வளவுதான்!

ஷஸ்னா ஏறாவூர்ப் பெண். கிறீன் லகூன் ஆடைத் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி. மறுநாள் வெளியிடப்போகும் நிலைபேறு அறிக்கையில் ஊழியர்களைப் பற்றிய அத்தியாயம் அவள் பொறுப்பு. பூமியை எப்படிக் காக்கிறோம், மனிதரை எப்படி நடத்துகிறோம் என்று கம்பனிகள் வருடா வருடம் பளபளப்பான தாளில் அச்சடிக்குமே... அந்த அறிக்கைதான்.

ஓடினாள்.

பாடப்புத்தகம் அதை மட்டக்களப்பு வாவி என்று சொல்லும். கரையில் குடியிருப்பவர்களுக்கு அது ஆறு. கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் சிக்கிக் கிடந்தது உடல். மீன்பிடிக்க வந்த கோணாமலை தோணியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"கிட்ட வராத மகள்... பாக்கிற மாதிரி இல்ல!"

வந்துவிட்டாள். பார்த்துவிட்டாள்.

திவாகரன்!

சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பகுதியில் வேலை செய்தவன். இரண்டு நாளாக ஆளைக் காணவில்லை. பின்மண்டை பிளந்திருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் றவூப் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மண்டையில என்ன காயம்?"

"கல்லுல அடிபட்டிருக்கும் சேர்," என்று ஒரு குரல் மிருதுவாகச் சொன்னது.

நிலைபேறுப் பகுதியின் முகாமையாளர் றிப்ஷான். கொழும்பில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவன். கண்ணாடி, வெள்ளைச் சட்டை, பூவுக்கு வலிக்காத பேச்சு.

றவூப் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த ஆத்தில கல்லா? அடியெல்லாம் சேறு, இஞ்ச இறால்கூட மெத்தையிலதான் சேர் படுக்கும்!"

றிப்ஷான் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

பொது முகாமையாளர் அழகரத்தினத்தின் அறை. குளிரூட்டி பற்களைத் தந்தியடிக்க வைத்தது.

மேசையில் அறிக்கையின் மாதிரிப் பிரதி. அட்டையில் நாலு பெண்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். மேலே 'எங்கள் மக்கள்' என்ற தலைப்பு.

"இந்தப் புள்ளயள் எந்தப் பகுதி சேர்? நான் கண்டதில்லையே?" என்றாள் ஷஸ்னா.

"இன்டர்நெட்ல வாங்கின படம் சிஸ்டர்," றிப்ஷான் தோளைக் குலுக்கினான். "நம்மட ஆக்கள் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு எல்லாரும் ஒரே மாதிரி. அதை எவன் அட்டையில போடுவான்?"

அழகரத்தினம் இருமினார். இதே மட்டக்களப்பின் கரடியனாற்று ஆள். சத்தம் போட்டே மேலே வந்தவர். அவர் கதவைத் திறந்தால் கீழே தையல் இயந்திரங்கள் தாமாக வேகம் பிடிக்கும் என்பார்கள்.

"தையல் பகுதியில கம்சாயினி எண்டொரு புள்ளயும் முந்தாநாள்ள இருந்து வரல்ல, என்ன?"

"ஓம் சேர். வரவு பாத்து நான்தான் சொன்னன்."

"அதுதான் மேட்டர்!" றிப்ஷான் விரலைச் சொடுக்கினான். "ரெண்டு பேரும் லவ். வீட்டுல விருப்பமில்ல. சேந்து ஆத்துல பாஞ்சிருக்காங்க. அவன் மிதந்துட்டான். அவ இன்னும் மிதக்கல. சிம்பிள்!"

"ஆர் சொன்ன லவ் எண்டு?"

"எல்லாரும் சொல்றாங்க."

அழகரத்தினம் மேசையில் அடித்தார்.

"நாளைக்கு வெளிநாட்டுக் கொள்வனவுக்காரர் நேரலையில பாக்கப் போறாங்க. வேலையிடத்து மரணம் எண்டு ஒரு சொல் வந்தாப் போதும், ஓடரை வேற நாட்டுக்குக் குடுத்துருவாங்க. ஆயிரம் அடுப்பு அணையும்! 'தாமாக விலகியவர்கள் இருவர்' எண்டு எழுதுங்க."

"செத்தவன் எப்பிடிச் சேர் தாமாக விலகுற?"

"எழுதுங்க ஷஸ்னா! கேள்வி கேக்க இஞ்ச வேற ஆள் இரிக்கி!"

றிப்ஷான் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"கோவிக்காதீங்க சிஸ்டர். நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி. களுதாவளையில அந்தப் புள்ளட அம்மா இருக்காங்க. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. மகள் தானாத்தான் வேலைய விட்டுப் போனா எண்டு. அப்பிடியே..."

"அப்பிடியே?"

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களா எண்டும் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க."

ஷஸ்னா அவன் நீட்டிய காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள். 

அவன் வாசல் வரை வந்து, அவள் கேட்காமலே சொன்னான்.

"நானே போயிருப்பன். முந்தாநாள் முழுக்கக் கொழும்புல மீட்டிங். இங்க என்ன நடந்தது எண்டே எனக்குத் தெரியாது."

களுதாவளை. மிளகாய்த் தோட்டத்து வரம்பில் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள் ஆச்சிப்பிள்ளை. கம்சாயினியின் தாய். மீன்காரனின் கைம்பெண். உள்ளங்கை இரண்டும் மரப்பட்டை.

"கொம்பனியா?"

"ஓம் அம்மா. ஷஸ்னா. ஏறாவூர்."

"கடதாசி ஒண்டு கொண்டு வந்திருப்பாயே. வாசி."

ஷஸ்னா வாசித்தாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"திவாகரன் என்பவருடன் ஏற்பட்ட காதல் தொடர்பினால் எனது மகள் தானாக..."

"நிப்பாட்டு!"

மண்வெட்டி வரம்பில் விழுந்தது.

"என்னகா வாசிக்கிற? காதலா...? ஆருக்கும் ஆருக்கும்?"

"கம்சாயினிக்கும் திவாகரனுக்கும்..."

"சீ! எழுதினவன்ட கை விளங்காமப் போக! ரெண்டும் ஒரே குடி புள்ள! திவாகரன்ட தாயும் நானும் தாய்வழி அக்கா தங்கச்சி. அவள் கண்ணை மூடின பிறகு இந்தக் கையாலதான் அவனுக்குச் சோறு போட்டன். கம்சாயினிக்கு அவன் கூடப்பிறந்த அண்ணன் கணக்கு! பிள்ளையார்ர கோயில்ல எங்கட குடித் திருவிழாவில அண்ணனும் தங்கச்சியுமா முன்னுக்கு நிக்கிறதுகளுக்கா இந்தப் பேரைக் கட்டினீங்க?"

ஷஸ்னா காகிதத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். இந்தப் பக்கத்தில் குடி என்பது தாய் வழியாக வரும். ஒரே குடியில் பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கலியாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தமிழருக்கும் அதுதான், முஸ்லிம்களுக்கும் அதுதான். ஷஸ்னாவின் ராத்தாவுக்கு, அதுதான் அக்காவுக்கு, டொக்டர் மாப்பிள்ளை பேசி வந்தபோது, ஒரே குடி என்று தெரிந்ததும் அவள் உம்மா தேத்தண்ணியோடு பேச்சை முடித்து அனுப்பியவள்!

இரண்டு பேரைச் சோடி சேர்க்குமுன் என்ன குடி என்று கேட்பது இங்கே மூச்சு விடுகிற மாதிரி.

அதைக் கேட்காமல் கட்டிய கதை இது!

அப்படியானால்... கட்டியது இந்த மண்ணில் வளராத வாய்!

ஷஸ்னா காகிதத்தைக் கிழித்தாள். கிழித்ததை மறுபடி கிழித்தாள். தண்ணீர் ஓடும் வாய்க்காலில் போட்டாள்.

"நான் இதை எழுத மாட்டன் அம்மா. வேலை போனாப் போகட்டும்!"

ஆச்சிப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அப்போதுதான் ஷஸ்னாவுக்கு ஒன்று உறைத்தது. மகளைக் காணாத தாய்... ஆனால் கண் காய்ந்து கிடக்கிறது. பயம் இருக்கிறது. கண்ணீர் இல்லை!

"கொம்பனி ஜீப்பு ரெண்டு தரம் வந்து வளவைச் சுத்திப் பாத்துட்டுப் போயிட்டு," என்றாள் ஆச்சிப்பிள்ளை மெதுவாக. "ஆரையும் நம்பப் பயம். உன்னை நம்பலாமா?"

"அல்லாஹ் மேல ஆணையா நம்பலாம்."

"உள்ளுக்க வா மகள். சத்தம் வைக்காத."

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே என்ன இருந்தது...? பொறுங்கள் பிள்ளைகளே, சொல்லாமலா விடுவேன்!

வெளியே வந்த ஷஸ்னா கைபேசியை எடுத்தாள்.  

"றவூப் சேர்? நாளைக்கு எங்கட அறிக்கை வெளியீட்டு விழா. நீங்க வரோணும்."

"எனக்கு ஆர் புள்ள அழைப்புத் தந்த?"

"நான் தாறன். ஒரு உயிர்ர விசயம் சேர். சிவில் உடுப்பில வாங்க."

"சாப்பாடு இரிக்கா?"

"பற்றிஸ், கேக், எல்லாம் இரிக்கி."

"அப்ப வாறன்!"

ஒன்று மட்டும் ஷஸ்னாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெரியவரும் இதில் கூட்டா?

நேரே அழகரத்தினத்தின் அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை!

"சேர்... அந்தக் காதல் கதையை நீங்கதான் கட்டினீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"திவாகரனும் கம்சாயினியும் ஒரே குடி."

அழகரத்தினத்தின் கையிலிருந்த பேனை உருண்டது. முகம் வெளிறிப்போனது.

"என்ன...? ஒரே குடியா...?"

"ஓம் சேர். அண்ணன் தங்கச்சி."

"நான் கரடியனாற்றான் புள்ள! என்ட மகளுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தவனிட்ட பேரைக் கேக்க முந்திக் குடியைக் கேட்டவன்! தெரிஞ்சிருந்தா இந்தக் கதையை எழுத விட்டிருப்பனா?"

"அப்ப ஆர் சேர் உங்களுக்கு முதல்ல சொன்ன?"

அவர் வாய் திறந்தது.

அதே நேரம் கதவும் திறந்தது!

"அம்மா கையெழுத்து வச்சாங்களா சிஸ்டர்?"

றிப்ஷான்!

அழகரத்தினம் அவனைப் பார்த்தார். பிறகு ஷஸ்னாவைப் பார்த்தார். சத்தம் போட்டே பழகிய அந்த மனிதர் கண்ணால் மட்டும் மறுபடி றிப்ஷானைக் காட்டினார். பதில் அதுதான்.

"நாளைக்கு மேடையிலேயே தருவாங்க சேர்," ஷஸ்னா சிரித்துக்கொண்டு சொன்னாள். "அழுது களைச்சிட்டா பாவம்."

"வீட்டுல வேற யாரும்...?"

"மிளகாய்க் கண்டும் ரெண்டு கோழியும்தான் சேர்."

அவன் தோள்கள் இறங்கின. நிம்மதி!

"கெட்டிக்காரி! அடுத்த வருசம் உங்களுக்கு ப்ரமோஷன் பேசுறன்."

அவன் போன பிறகு அழகரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"நான் ஒண்டும் கேள்விப்படல்ல. எனக்கு ஒண்டும் தெரியா." திரும்பாமலே சொன்னார். "ஆனா... நாளைக்கு மைக்கு உங்கட கையிலதான். ஒருத்தனும் பறிக்க மாட்டான்."

மறுநாள் காலை. மண்டபமெங்கும் பச்சைச் சீலை, பச்சை பலூன், பச்சை எழுத்து. தண்ணீர்ப் போத்தலுக்கும் பச்சைச் சட்டை! பெரிய திரையில் வெளிநாட்டுக் கொள்வனவுக்காரர்கள் நேரலையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் அவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வரிசை வரிசையாகத் தொழிலாளப் பெண்கள். நீல உடுப்பு, தொப்பி, முகக்கவசம். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

அந்தக் கண்கள் எல்லாம் அன்றைக்கு ஒரு மாதிரி மின்னியதை மேடையில் இருந்த எவரும் கவனிக்கவில்லை.

மூலையில் பற்றிஸ் தட்டோடு றவூப்.

றிப்ஷான் பேசினான். அழகாகப் பேசினான். வாவியின் தூய்மை என்றான், மனிதவளம் என்றான். கடைசியில் கையை அகல விரித்தான்.

"மற்றக் கம்பனிகளுக்கு ஊழியர் எண்டா ஒரு நம்பர். எங்களுக்கு அப்பிடி இல்ல! இங்க இருக்கிற ஒவ்வொருத்தரையும் எனக்குப் பேரோட தெரியும்! முகத்தோட தெரியும்!"

கைதட்டல். திரையில் வெள்ளைக்காரர்களும் தட்டினார்கள்.

ஷஸ்னா ஒலிவாங்கியை எடுத்தாள்.

"றிப்ஷான் சேருக்குப் பூச்செண்டு குடுக்க, தையல் பகுதியில இருந்து ஒரு புள்ள வாறா."

ஒல்லியாக ஒருத்தி மேடையேறினாள். பூச்செண்டை நீட்டினாள்.

"தேங்க் யூ சிஸ்டர்!" அவள் தோளோடு நின்று கமராவுக்குச் சிரித்தான்.

"சேர், எல்லாரையும் தெரியும் எண்டீங்க. இவ ஆர் சேர்?"

மண்டபம் கலகலத்தது. அவனும் சிரித்தான்.

"இவ... நம்மட... றமீஸா!"

"றமீஸா நான் சேர்!" பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சொரி சொரி... றுக்ஷானா!"

"அது நான்! ஏழு வருசமா இஞ்சதான் கிடக்கன்!"

சிரிப்பு வெடித்தது. றிப்ஷான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான்.

"மாஸ்க்கோட எப்பிடிச் சிஸ்டர்...? அதைக் கழட்டச் சொல்லுங்க!"

"கழட்டு புள்ள," என்றாள் ஷஸ்னா.

கவசம் கழன்றது. தொப்பியும் கழன்றது. இருபது வயது முகம். கன்னத்தில் கண்டல் வேர் கீறிய காயம் இன்னும் காயவில்லை.

றிப்ஷான் பார்த்தான். உற்றுப் பார்த்தான்.

அப்போதும் தெரியவில்லை!

"புதுசா சேந்தவங்களா? உங்கட பேரு?"

அந்தப் பெண் ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தாள்.

"கம்சாயினி. திவாகரன்ட தங்கச்சி."

பூச்செண்டு விழுந்தது!

"பொய்...! இவ அவ இல்ல! அவ செத்துட்டா... ஆத்துக்குள்ள தாண்டு போனத என் கண்ணாலயே பாத்தன்! எழும்புறாளா எண்டு கரையிலயே நிண்டு..."

நின்றுவிட்டான்.

 ஒலிவாங்கி அவ்வளவையும் எடுத்து நாலு மூலைக்கும் பரப்பிவிட்டிருந்தது. கடல் கடந்தும்தான்!

"அண்டைக்கு நீங்க கொழும்பில எல்லோ சேர்?" என்றாள் ஷஸ்னா.

மேடை ஓரத்தில் நின்ற ஒருவன் நேரலையை நிறுத்த ஓடினான்.

"விடுடா அதை!"

அழகரத்தினத்தின் குரல்! கூரைத் தகடு அதிர்ந்தது. அந்த மனிதர் வாழ்நாளில் போட்ட சத்தங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கம்சாயினி பேசினாள். மெல்லிய குரல், ஆனால் உடையவில்லை.

"அண்ணனுக்குச் சோறு கொண்டு போனன். சுத்திகரிக்காத சாயத் தண்ணியை ஒளிச்சு ஆத்துக்க விடச் சொல்லி இவர் நிண்டார். அண்ணன் ஏலாது எண்டான். 'மீனும் சாகும், அதைத் திண்டு நாங்களும் சாவம், நாளைக்கே வெளிநாட்டாக்களுக்குச் சொல்லுவன்' எண்டான். குழாய் பூட்டுற இரும்பால பின்னால இருந்து அடிச்சார். நான் கத்திக்கொண்டு ஓடினன். துரத்தினார். ஆத்துக்க பாஞ்சன். ஆத்தங்கரையில பிறந்தவள் நான்... கண்டல் வேருக்குள்ள மூக்கை மட்டும் வெளியில வெச்சுக்கொண்டு கிடந்தன். இருட்டின பிறகு அம்மாட வீட்டுக்குப் போய் ஒளிச்சிருந்தன்."

அவள் அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கலைச்சுத் துரத்தி வந்தப்பவும் உங்களுக்கு நான் ஒரு தொப்பியும் மாஸ்க்கும்தான். அதாலதான் இண்டைக்குப் பூ குடுக்க ஏலுமாப் போச்சு!"

றிப்ஷான் பின்கதவை நோக்கிப் பாய்ந்தான்.

கதவைக் காணவில்லை!

நீல உடுப்புச் சுவர் ஒன்று நின்றது. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. ஒருத்தி முகக்கவசத்தைக் கழற்றினாள். "நான் றமீஸா." அடுத்தவள். "றுக்ஷானா. இனி மறக்க மாட்டீங்க." அடுத்தவள்... அதற்கடுத்தவள்... ஒவ்வொரு முகமாக வெளிச்சத்துக்கு வந்தது. ஒவ்வொரு பெயராக அவன் மேல் விழுந்தது. அவன் பின்னால் பின்னால் வந்து மேடையிலேயே முட்டிக்கொண்டான்.

ஷஸ்னா அறிக்கையைக் கையில் எடுத்தாள். அச்சடித்ததைப் பார்க்காமல் சொன்னாள்.

"மனிதவள அத்தியாயம். இந்த ஆண்டில் வேலையிடத்தில் கொல்லப்பட்டவர் ஒருவர். பெயர் திவாகரன். ஆற்றில் நஞ்சு விட மறுத்ததால் கொல்லப்பட்டார். தாமாக விலகியவர்கள்... ஒருவருமில்லை. நாங்கள் ஒருவரும் விலகப் போவதுமில்லை! தயாரித்தவர் ஷஸ்னா. இதில் மட்டும் கையெழுத்து வைக்கிறேன்."

மொழிபெயர்ப்புப் பெண் ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். திரையில் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. தலைவர் போலிருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அறிக்கையைத்தான் எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னாள்.

றவூப் பற்றிஸின் கடைசித் துண்டை வாயில் போட்டு, கையைத் துடைத்து, விலங்கை எடுத்தார்.

"ப்ளீஸ் சேர்..." றிப்ஷான் கெஞ்சினான். "ஜீப்புல மட்டும் ஏத்தாதீங்க. மானம் போயிரும். என்ட வாகனம் ஏசியோட வெளிய நிக்குது, அதுலயே வாறன்."

"ஜீப்பும் வேணாம், ஏசியும் வேணாம் சேர்!" றவூப் அறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். "உங்கட புத்தகத்தை இப்பத்தான் வாசிச்சன். வாகனப் புகை பூமிக்குக் கூடாதாமே? ஸ்டேசன் கிட்டத்தான்... கடைத்தெருவால நடந்தே போவம்!"

போய்விட்டார்கள் பிள்ளைகளே, போகட்டும். உங்கள் வீட்டுக் கிணறு தெளிந்து கிடக்கட்டும். உலையில் எப்போதும் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கொதிக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பெயரோடும் முகத்தோடும் போய், பொழுதுபட முன்னம் முழுசாக வீடு வந்து சேரட்டும்!